தளர்நடைக் குழந்தைகளுக்கான விளையாட்டிடம்

தளர்நடைக் குழந்தைகளுக்கான விளையாட்டிடம் என்பது, நடக்கத் தொடங்கிய பருவம் முதல் ஏறத்தாழ 3 வயது வரையுள்ள குழந்தைகள் ஓடவும், ஏறி இறங்கவும், மணலை அளையவும் ஏற்ற வகையில் அமைந்த திறந்தவெளி ஆகும். இது ஒரு பெரிய பூங்காவின் ஒரு மூலையாகவோ, குடியிருப்பு வளாகத்தின் முற்றமாகவோ, தெருமுனையில் எஞ்சிய ஒரு சிறு மனையாகவோ இருக்கலாம். "சிறுவர் பூங்கா" என்ற பெயர்ப்பலகை தாங்கிய இடங்கள் பல, 5 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டவை. அவற்றில் உள்ள ஊஞ்சலும் சறுக்குமரமும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. சில வேளைகளில் தீங்கும் விளைவிக்கின்றன. எனவே, இப்பருவத்தினருக்கு ஓர் இடம் ஏற்றதா என்பதை அங்குள்ள விளையாட்டுக் கருவிகளின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. தரை, உயரம், இடைவெளி, நிழல், வாயில், வீட்டிலிருந்து உள்ள தொலைவு ஆகியவையே முடிவு செய்கின்றன.

பருவத்தின் இயல்பு

இப்பருவக் குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிடும்போது பெரியது. இதனால் உடலின் ஈர்ப்பு மையம் மேலே அமைகிறது. நடக்கும்போது அடிக்கடி விழுவதற்கும், விழும்போது தலை முதலில் மோதுவதற்கும் இதுவே காரணம். மேலும், குழந்தை ஏறக் கற்றுக்கொள்வது முன்னதாகவும் இறங்கக் கற்றுக்கொள்வது பின்னதாகவும் நிகழ்கிறது. ஏணியின் உச்சியில் நின்று அழும் குழந்தையை எந்தப் பூங்காவிலும் காணலாம். கைக்கு எட்டியதை வாயில் வைத்துப் பார்ப்பது இப்பருவத்தின் மற்றோர் இயல்பாகும்.

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரட் பார்ட்டன் 1932 இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து விளையாடுவதற்கு முன்பு, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து தனித்தனியே விளையாடும் நிலையை விளக்கினார். இது இணைநிலை விளையாட்டு எனப்படுகிறது. மணலில் அருகருகே அமர்ந்து, பேசாமல், தத்தம் குவளையை நிரப்பிக் கொட்டும் இரு குழந்தைகள் இதற்கு எடுத்துக்காட்டு. ஆகையால் இவர்களுக்குக் குழு விளையாட்டுக்கான பெருந்திடல் தேவையில்லை. மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே விளையாட ஒரு சிறு இடம் போதுமானது.

தமிழில் பிள்ளைத்தமிழ் இலக்கியம் இப்பருவத்தைக் கூர்ந்து நோக்கியுள்ளது. தளர்நடையிட்டு வரும்படி குழந்தையை அழைப்பது வருகைப் பருவம். மணல் வீடு கட்டும் சிற்றில் விளையாட்டும், தேருருட்டும் சிறுதேர் விளையாட்டும் தனித்தனிப் பருவங்களாகவே வகுக்கப்பட்டுள்ளன. இன்றைய விளையாட்டிட வடிவமைப்பாளர்கள் இப்பருவத்தினருக்குப் பரிந்துரைப்பனவும் மணலும், தள்ளி உருட்டும் பொருள்களும், உயரம் குறைந்த படிகளுமே ஆகும்.

உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும். இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டுக்குள் இதனை நிறைவு செய்வது கடினம்.

வரலாறு

சிறு குழந்தைகளுக்கென்று பொது இடத்தில் விளையாட்டிடம் அமைக்கும் வழக்கம் மணலிலிருந்து தொடங்கியது எனலாம். பெர்லின் நகரப் பூங்காக்களில் குழந்தைகளுக்காக மணற்குவியல்கள் இடப்பட்டிருந்தன. அதனைப் பின்பற்றி 1880களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மணல் தோட்டங்கள் தோன்றின. நியூயார்க்கின் சீவர்ட் பூங்காவில் 1903 இல் நகராட்சியே நிலையான விளையாட்டிடம் ஒன்றை அமைத்தது. அதன்பின் ஏணிகளும் உயர்ந்த சறுக்குமரங்களும் பெருகின. கவனம் மெல்ல மெல்லப் பெரிய சிறுவர்கள் பக்கம் திரும்பியது.

இந்தப் போக்கிலிருந்து மாறுபட்டது ஆம்ஸ்டர்டாம் நகரின் முயற்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நகரின் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947 இல் பெர்ட்டல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் தம் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அத்துறையில் நகரமைப்பாளராக இருந்த யாக்கோபா முல்டர் இம்முயற்சிக்குத் துணை நின்றார். அகன்ற கான்கிரீட் விளிம்பு கொண்ட மணற்குழி, சில இரும்புக் கம்பிகள், தாவி நடக்க உருளைக் கற்கள், பெரியவர்களுக்கு இருக்கைகள், நிழலுக்கு மரங்கள் ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இதைக் கண்ட மக்கள் தங்கள் தெருவிலும் இதுபோன்று வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதத் தொடங்கினர். 1978 வரையிலான காலத்தில் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாயின. இவற்றுட் பல, போரில் இடிந்த அல்லது கைவிடப்பட்ட வீடுகளின் காலி மனைகளில் எழுந்தவை. புதிய நிலம் கையகப்படுத்தாமல், நகரம் வீணடித்துக் கொண்டிருந்த துண்டு நிலங்களைக் கொண்டே ஏறத்தாழ ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு விளையாட்டிடம் கொடுக்க முடியும் என்று இது காட்டியது. இவற்றுட் பெரும்பாலானவை இன்று இல்லை, எஞ்சியவை சில.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடியிலேயே விளையாட்டிடங்களை அமைத்தது. 1979 இல் கோர் இயன் கீ வடிவமைத்த தோ பாயோ வட்டார டிராகன் விளையாட்டிடம் இவற்றுள் புகழ்பெற்றது. பின்னாளில் அங்கு மணற்றரைகள் பெரும்பாலும் இரப்பர்த் தரைகளாக மாற்றப்பட்டன. துப்புரவு எளிதாயிற்று, ஆனால் குழந்தைகள் மணலை இழந்தனர்.

தொலைவு

தளர்நடைக் குழந்தையைப் பொறுத்தவரை, தொலைவில் உள்ள சிறந்த பூங்காவை விட அருகில் உள்ள சுமாரான பூங்கா மேலானது. கிண்டி சிறுவர் பூங்கா, யாழ்ப்பாணம் சுப்பிரமணியம் பூங்கா, கொழும்பு விகாரமகாதேவி பூங்கா போன்றவை விடுமுறை நாளில் சென்று வர ஏற்றவை. நாள்தோறும் மாலையில் முக்கால் மணி நேரம் விளையாட அவை உதவா, அருகிலேயே குடியிருந்தாலன்றி. குழந்தை பசித்தாலோ, தூக்கம் வந்தாலோ, உடை நனைந்தாலோ உடனே வீடு திரும்ப வேண்டியுள்ளது. அரை மணி நேரப் பேருந்துப் பயணம் இதற்குப் பொருந்துவதில்லை.

பிரித்தானியாவில் 1925 இல் தேசிய விளையாட்டுத் திடல் சங்கமாகத் தொடங்கப்பட்ட அமைப்பு, விளையாட்டிடங்களை மூன்று அளவுகளாகப் பிரித்துள்ளது. மிகச் சிறியது 100 சதுர மீட்டர் பரப்புடையது. வீட்டிலிருந்து 100 மீட்டர் நடைத்தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். மிகச் சிறு குழந்தைகளுக்குரியது. அடுத்தது 400 சதுர மீட்டர் பரப்பில் 400 மீட்டர் தொலைவுக்குள்ளும், மூன்றாவது 1000 சதுர மீட்டர் பரப்பில் 1000 மீட்டர் தொலைவுக்குள்ளும் அமைவன. முதல் வகையில் விளையாட்டுக் கருவி எதுவும் கட்டாயமில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சமமான தரையும், நிழலும், அமர ஓர் இருக்கையும் போதும். நூறு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 1076 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டுக்கும் குறைவு.

தமிழ்நாட்டில் மனைப்பிரிவு அமைக்கும்போது திறந்தவெளி ஒதுக்கும் விதி நெடுநாளாக உள்ளது. 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 3000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில், இடம் ஒதுக்க இயலாதபோது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தலாம். 3000 சதுர மீட்டருக்கு உட்பட்டவற்றுக்கு ஒதுக்கீடு இல்லை. பழைய பகுதிகள் சிறு சிறு மனைகளாகவே பிரிக்கப்பட்டு வளர்வதால், பூங்கா இல்லாத தெருக்கள் அடுத்தடுத்து உருவாகின்றன. செலுத்தப்பட்ட பணத்தைக் கொண்டு வேறோர் இடத்தில் பூங்கா அமைந்தாலும், அது இத்தெருக் குழந்தை நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இவ்வகையில் 100 சதுர மீட்டர் இடத்தின் இழப்பு, கணக்கில் தெரியாத ஓர் இழப்பாகும்.

தரை

விளையாட்டிடத்தில் நேரும் கடுமையான காயங்களுக்கு முதன்மைக் காரணம் விழுதல். விழும் உயரமும், விழும் தரையும் சேர்ந்தே காயத்தின் கடுமையைத் தீர்மானிக்கின்றன. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தரை 5 செ.மீ. அமுங்கி அதனை நிறுத்தினால் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 30 மடங்கு. 1 செ.மீ. மட்டுமே அமுங்கினால் அது 150 மடங்கு. கான்கிரீட் அந்த அளவுகூட அமுங்குவதில்லை.

இக்காரணத்தால் ஐரோப்பிய, அமெரிக்கத் தரநிலைகள் தலைக்காயக் குறியெண் என்ற ஓர் அளவைப் பயன்படுத்துகின்றன. தலையின் வடிவில் அமைந்த, முடுக்கமானி பொருத்திய எடை ஒன்றைத் தரையில் விழச் செய்து இது கணக்கிடப்படுகிறது. மதிப்பு 1000ஐத் தாண்டாத உயரம் வரைதான் அத்தரை ஏற்கத்தக்கது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, 23 செ.மீ. ஆழமுள்ள மணல் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஆழமுள்ள மரச்சில்லுகள் 3 மீட்டர் வரை தாங்கும். தார், கான்கிரீட் ஆகியவற்றோடு வெறும் மண்ணும் புல்லும்கூட அக்கையேட்டில் ஏற்கப்படவில்லை. பலரும் புல்தரையைப் பாதுகாப்பானது எனக் கருதுகின்றனர். ஆனால் ஊஞ்சலின் கீழும் சறுக்குமரத்தின் அடியிலும் புல் நிலைப்பதில்லை. கால்பட்டு இறுகிய மண்ணே எஞ்சுகிறது. கருவி எதுவும் இல்லாத வெளியில் ஓடி விளையாடப் புல்தரை நன்று.

மணலுக்கும் பேணுதல் தேவை. நாய், பூனைகளின் கழிவிலிருந்து உருளைப்புழு முட்டைகள் மணலில் தங்கக்கூடும். இரவில் மணற்குழியை மூடி வைப்பதும், அவ்வப்போது கிளறி வெயில் படச் செய்வதும், காலாகாலத்தில் மணலை மாற்றுவதும் வழக்கம். மணல் இறுகிப் பாறைபோல் ஆகிவிட்ட குழி, குழி என்ற பெயருக்கு மட்டுமே உரியது.

கருவிகளும் அளவுகளும்

மேற்கூறிய அமெரிக்கக் கையேடு முதலில் 1981 இல் வெளிவந்தது. 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் தனி வகையாக அது சேர்த்தது 2008 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஆகும். இவ்வகையினருக்கு மேடையின் உயரம் 81 செ.மீ.க்கு மேற்படக்கூடாது. இதனோடு ஒப்பிட, தமிழ்நாட்டின் பழைய பூங்காக்களில் காணப்படும் யானை வடிவச் சிமெண்டுச் சறுக்குமரங்கள் பெரியவரின் தலைக்கு மேல் உயர்ந்து நிற்பதுண்டு.

இடைவெளிகள் மிக முதன்மையானவை. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையிலோ படிகளுக்கு இடையிலோ உள்ள திறப்பு ஏறத்தாழ 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்டதாக இருத்தல் ஆகாது. குழந்தை கால்களை முதலில் நுழைத்தால் இடுப்பும் மார்பும் அதன் வழியே நழுவிச் சென்றுவிடும். தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். கால் தரையில் எட்டாவிட்டால் உடலின் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். 9 செ.மீ.க்குக் குறைந்த திறப்பில் உடலே நுழையாது, 23 செ.மீ.க்கு மேற்பட்டதில் தலையும் வெளியே வந்துவிடும். பெரியவர் ஒருவர் தம் உள்ளங்கையின் அகலத்தை முன்னரே அளந்து வைத்திருந்தால் இதனைப் பூங்காவிலேயே சோதித்துக்கொள்ளலாம். கழுத்துச் சங்கிலி, கழுத்தைச் சுற்றிய நாடா ஆகியவற்றை விளையாடும் முன் கழற்றுதல் வேண்டும்.

ஊஞ்சல்களில், நான்கு புறமும் மூடிய வாளி வடிவ இருக்கையே இப்பருவத்தினருக்கு உரியது. பலகை ஊஞ்சலில் அவர்களால் பிடிமானத்தைத் தக்கவைக்க இயலாது. ஆடும் ஊஞ்சலுக்கு முன்னாலும் பின்னாலும் குறுக்கே ஓடும் குழந்தைக்கே ஊஞ்சலில் அமர்ந்திருப்பவரைக் காட்டிலும் இடர் மிகுதி. எனவே ஊஞ்சல்கள் நுழைவாயிலுக்கும் மணற்குழிக்கும் இடைப்பட்ட வழியில் இருத்தல் கூடாது.

சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்கி வருவது பாதுகாப்பானது எனப் பரவலாக நம்பப்படுகிறது. உண்மை இதற்கு மாறானது. குழந்தையின் காலணி பக்கச் சுவரில் உரசி நின்றுவிட்டால், பெரியவரின் எடையும் சேர்ந்த வேகம் அக்காலை முறுக்கிக் கீழ்க்கால் எலும்பை முறிக்கிறது. தனியே சறுக்கும் குழந்தையின் கால் சிக்கினால் அது பெரும்பாலும் நின்றுவிடும், அவ்வளவே. தனியே சறுக்க இயலாத உயரமாயின் அச்சறுக்குமரம் அக்குழந்தைக்கு உரியதன்று.

அண்மைக் காலமாகத் தமிழ்நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகள் நிறுவப்பட்டுள்ளன. இவை சிறுவர் பகுதியை ஒட்டியே அமைகின்றன. இவற்றின் அசையும் மூட்டுகளில் சிறு விரல்கள் நசுங்க வாய்ப்புண்டு. குழந்தைகளோ இவற்றையும் விளையாட்டுக் கருவிகளாகவே காண்கின்றனர்.

வண்ணப்பூச்சு குறித்தும் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் வீட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு பழைய கம்பிகளில் அடுக்கடுக்காக உள்ளது. உரிந்து விழும் பூச்சுத் துகள் தளர்நடைக் குழந்தையின் வாய்க்குச் செல்வது எளிது.

வெயிலும் மழையும்

மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும் அளவுகளைப் பின்பற்றினாலும், வெப்பமண்டலத்தில் நிழல் இல்லாத விளையாட்டிடம் ஆண்டின் பெரும்பகுதி பயனற்றது. உலோகச் சறுக்குமரம் மட்டுமன்றி நெகிழியும் கறுப்பு இரப்பர்த் தரையும் வெயிலில் கொதிக்கின்றன. சிறு குழந்தையின் தோல் மெல்லியது. சூடுபட்டால் பெரியவர்கள் காலை உடனே விலக்குவர். தளர்நடைக் குழந்தை அங்கேயே நின்று அழும். புறங்கையை வைத்து, தாங்க முடிகிறதா எனப் பார்த்த பின்னரே குழந்தையை இறக்கிவிடுதல் நன்று. தகரக் கூரையை விடப் புங்கை, வேம்பு போன்ற மரங்களின் நிழல் குளிர்ச்சியானது. புதிய பூங்காக்களில் மரக்கன்று வளரும் வரை துணிப்பந்தல் ஓர் இடைக்கால ஏற்பாடாகும்.

அழகுக்காக நடப்படும் செடிகளில் அரளியும் பொன்னரளியும் கடும் நச்சுத்தன்மை உடையவை. வறட்சியைத் தாங்கிப் பூக்கும் என்பதால் இவை பூங்காக்களில் விரும்பி நடப்படுகின்றன. வேலியோரம் தானாக முளைக்கும் ஊமத்தையும் இத்தகையதே. பொன்னரளியின் காய் கைக்கு அடங்கும் அளவினது, கீழே உதிர்ந்து கிடப்பது. சிறுவர் பகுதியின் அருகே இச்செடிகள் இருப்பின் அகற்றுமாறு கோருவதே முறை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கும் நீர் வேறு வகை இடர். சில அங்குல ஆழ நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். ஆகவே வேலியில்லாத அலங்காரக் குளம் உள்ள பூங்காவில் குழந்தையைக் கையெட்டும் தொலைவுக்கு அப்பால் விடலாகாது. விளையாட்டுப் பொருளாகப் பதிக்கப்படும் பழைய டயர்களில் நீர் தேங்கி ஏடிசு வகைக் கொசுக்கள் பெருகுகின்றன. டெங்குவைப் பரப்பும் இக்கொசு பகலில் கடிப்பது, குறிப்பாகக் காலையிலும் மாலை மயங்கும் முன்னரும். குழந்தைகள் பூங்காவில் இருக்கும் நேரமும் அதுவே. டயரின் அடிப்பகுதியில் சில துளைகள் இட்டால் நீர் வடிந்துவிடும். மழைக்காலத்தில் மின்விளக்குக் கம்பங்களின் அடிப்பெட்டி திறந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பூங்காவைத் தெரிவு செய்தல்

ஒரு பூங்காவைக் குழந்தையுடன் செல்லும் முன்பு, செல்லவிருக்கும் அதே நேரத்தில் ஒருமுறை தனியே சென்று பார்ப்பது பயனுள்ளது. காலை 7 மணிக்கு நிழலாக உள்ள இடம் மாலை 4 மணிக்கு வெயிலில் கிடக்கலாம். காலையில் அமைதியான திடலில் மாலையில் கிரிக்கெட் பந்து பறக்கலாம். தரையளவில் குந்தி அமர்ந்து பார்த்தால், நின்றபடி காணாத கண்ணாடித் துண்டுகளும், கருவிகளின் அடித்தளத்தில் துருத்திய கான்கிரீட்டும், நீட்டிய போல்ட்டுகளும் தெரியும்.

அடுத்து நோக்கத்தக்கது வாயில். ஆம்ஸ்டர்டாமின் விளையாட்டிடங்களுக்கு வேலி இல்லை. அவை நகரின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்பது வான் ஐக்கின் கருத்து. போக்குவரத்து மிகுந்த இந்திய நகரச் சாலையோரத்தில் இக்கருத்தைப் பின்பற்ற இயலாது. தானாக மூடும் வாயிற்கதவும், குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாளும் இங்கு இன்றியமையாதவை. ஒரே வாயில் உள்ள சிறு பூங்கா, நான்கு வாயில்கள் கொண்ட பெரிய பூங்காவைக் காட்டிலும் கவலை குறைந்தது. இருக்கையில் அமர்ந்தவாறு மணற்குழியும் வாயிலும் ஒரே பார்வையில் தெரிகின்றனவா என்பதும் கவனிக்கத்தக்கது. குடிநீர், கை கழுவ நீர், தூய்மையான கழிப்பிடம் ஆகியவை இருப்பின், பூங்காவில் குழந்தை தங்கும் நேரம் கூடும். படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் இருந்தால் தள்ளுவண்டியும் வரும், நடக்க இயலாத குழந்தையும் வரும், பேரக் குழந்தையை அழைத்து வரும் முதியவரும் வருவார்.

குறைகள் உள்ள அருகமைப் பூங்காவைக் கைவிடுவதை விட, குறைகளைத் தெரிவித்துச் சரிசெய்யக் கோருவது மேல். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். "பூங்கா சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், "ஊஞ்சலின் இடப்பக்கச் சங்கிலிக் கொக்கி தேய்ந்துள்ளது", "மணல் நான்கு விரற்கடை ஆழமே உள்ளது" என்று குறிப்பாகத் தெரிவித்து, முறையீட்டு எண்ணைப் பெற்றுக்கொள்வது பயன் தரும். ஊஞ்சல் பழுதுபார்க்கப்படும் வரை அதனைச் சங்கிலியோடு மேலே சுற்றிக் கட்டி வைக்கும்படி பூங்காக் காவலரிடம் அன்றே கேட்கலாம்.